சனிக்கிழமைக் காட்டு வகுப்பு: மொரிஷியஸ் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் மரங்களுக்கு நடுவே கூட்டிப்போய் மூன்று மணி நேரம் விளையாட விடுகிறோம். எல்லாரும் கோவில் தமிழ் வகுப்பில் படிப்பவர்கள். வாக்வா, காத்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். புதிதாகச் சேர வரும் பெற்றோர் தொலைபேசியிலும் கோவில் வாசலிலும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு ஊரில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும்.

இது பிக்னிக்கா, வகுப்பா?

பிக்னிக் என்றால் ஒவ்வொரு முறையும் புது இடம், பெரிய சாப்பாட்டுப் பாத்திரம், பாட்டு, பந்து. நாங்கள் வருடம் முழுவதும் ஒரே இடத்துக்குப் போகிறோம். பெற்றோர் பலருக்கு முதலில் பிடிபடாதது இதுதான். "மறுபடியும் அங்கேயேவா, பிள்ளைக்கு அலுக்காதா?" என்பார்கள். அலுப்பது பெரியவர்களுக்குத்தான். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்து "மிஸ், இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டபடி நிற்பார்கள். ஐந்தாறு வாரத்தில் அந்தக் கேள்வி நின்றுவிடும். வண்டியிலிருந்து இறங்கியதும், போன வாரம் கட்டிய குச்சி வீடு நிற்கிறதா என்று பார்க்க ஓடுவார்கள். விழுந்து கிடந்தால் அது மழையா, காற்றா, நாயா என்று விசாரணை நடக்கும். அடுத்த வீட்டை எப்படிக் கட்டினால் நிற்கும் என்று அவர்களே யோசிப்பார்கள். நாங்கள் எதிர்பார்க்கிற பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு நாவல் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கே ஜாம்ப்லோன் என்று சொல்கிறோமே, அதேதான். ஒரே ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுப் போன பிள்ளைக்கு அது ஒரு மரம், அவ்வளவுதான். பூத்ததிலிருந்து பழம் உதிர்ந்து தன் நாக்கு ஊதாவாகும் வரை வாராவாரம் பார்த்த பிள்ளைக்கு அது தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிடும். வேறொன்றும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்.

இந்த யோசனை வெள்ளைக்காரர்களுடையதா?

இப்போது இதற்கு இருக்கிற வடிவம் வட ஐரோப்பாவில் உருவானது. டென்மார்க்கில் 1950களில் சிறு பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குக் கூட்டிப்போகும் பாலர் பள்ளிகள் தொடங்கின. சுவீடனில் 1957இல், ஒரு காட்டுக் குட்டிச்சாத்தான் பாத்திரத்தை வைத்துப் பிள்ளைகளை வெளியே இழுக்கும் இயக்கம் வந்தது. 1993இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலிருந்து ஒரு கல்லூரிக் குழுவினர் டென்மார்க் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பித் தங்கள் ஊரில் தொடங்கினார்கள். அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது.

ஆனால் மரத்தடியும் மண்ணும் நமக்குப் புதிதா? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். சில வீடுகளில் இன்றும் முதல் எழுத்தைப் பச்சரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறார்கள். விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே அப்போது பென்சில் இல்லை. எங்கள் வகுப்பிலும் முதல் மாதம் ஈர மண்ணில்தான் எழுதுகிறோம்.

சனிக்கிழமை லெசோன் (டியூஷன்) இருக்கிறதே, படிப்பு என்ன ஆகும்?

மிக நியாயமான கவலை. ஆறாம் கிரேடு முடிவில் பிஎஸ்ஏசி என்ற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு, அதை நோக்கி மூன்றாம் நான்காம் கிரேடிலேயே தனி லெசோன். இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் அந்த நெருக்கடி தெரியும். எனக்கும் தெரியும், என் மகளும் அதே பாதையில்தான் போனாள்.

காட்டு வகுப்பு வந்தால் மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கண்ணைப் பற்றி ஒன்று சொல்வேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருட முடிவில் அந்தப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு. இந்த முடிவு 2015இல் வெளியானது. பகல் வெளிச்சம் கண்ணுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. நாள் முழுக்கக் குனிந்து எழுதிவிட்டு, பிறகு போனில் குனியும் பிள்ளைக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் தூரத்தைப் பார்ப்பது ஆடம்பரம் இல்லை.

முதல் மூன்று கிரேடு வரையாவது சனிக்கிழமை காலையைப் பிள்ளைக்கு விட்டுவைக்கச் சொல்வேன்.

எந்த இடத்துக்குப் போகிறீர்கள்? பெரிய காடு வேண்டுமா?

வேண்டாம். பத்துப் பதினைந்து மரம், கொஞ்சம் நிழல், நடுவே ஒரு வெட்டவெளி, அருகில் கழிப்பறை, ஆம்புலன்ஸ் வந்து நிற்கக் கூடிய பாதை. இவ்வளவு போதும். நாங்கள் முதலில் தொடங்கியது ஒரு கோவில் தோட்டத்தில். ஒரு அரச மரம், இரண்டு மா, ஓரத்தில் மூங்கில். அங்கேயே ஒரு வருடம் ஓடியது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சவுக்குத் தோப்பு நல்ல தொடக்கம். ஃபிலாவ் என்று நாம் சொல்கிற மரம்தான் சவுக்கு. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், மோன் ஷுவாசி மாதிரியான பொதுக் கடற்கரைகளில் உதிர்ந்த சவுக்கு இலை மெத்தை போலக் கிடக்கும், விழுந்தாலும் அடிபடாது. குட்டிக் குட்டிக் காய்கள் எண்ணிப் பழகக் கிடைக்கும். தண்ணீருக்கு அருகே மட்டும் போகாதீர்கள். கடலும் காடும் ஒரே நாளில் வேண்டாம்.

மேட்டுநிலத்தில் இருப்பவர்களுக்கு வனத்துறைக் காடுகளும் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் லெ பெத்ரான் பக்கமும் உண்டு. 1994இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. குழுவாகப் போவதாக இருந்தால் முன்பே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் நிலத்துக்குள் சொல்லாமல் நுழையவே கூடாது. குளிர்காலத்தில் மான் வேட்டை நடக்கிற இடங்கள் அவை.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியூர்ப் பயணம். மாஹேபூருக்கு எதிரே கடலுக்குள் இருக்கிற ஈல் ஓஸ் ஏக்ரெத் தீவு 26 ஹெக்டேர்தான். கடலோரக் கருங்காலிக் காட்டில் மிஞ்சிய துண்டு அங்கே இருக்கிறது, பெரிய ஆமைகளும் நடமாடுகின்றன. இன்னொன்று கியூர்பிப் தாவரத் தோட்டம். அங்கே வேலிக்குள் ஒரு பனையினத்து மரம் நிற்கிறது. அதன் இனத்தில் உலகம் முழுவதும் தேடினாலும் அந்த ஒன்றுதான் மிச்சம். ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு நேரத்தில் மலர்வதால் அதற்குத் தானாக வாரிசு உண்டாவதில்லை. இதைச் சொன்னதும் ஏழு வயதுப் பையன் ஒருவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதற்கு "வணக்கம்" சொன்னான். அடுத்த வருடம் போனபோது எல்லாருமே சொன்னார்கள், அதற்குள் அது வழக்கமாகிவிட்டது.

பாம்பு?

நம் தீவில் மனிதரைக் கொல்லும் விஷப் பாம்பு நிலத்தில் இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒன்றிரண்டு இனங்கள் உண்டு, ஆளுக்கு ஆபத்தில்லாதவை. சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து வீடியோ அனுப்பிப் பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

அப்படியானால் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

முதலில் மூஸ் ஜோன், அதாவது மஞ்சள் குளவி. கோடையில் புதர்களிலும் இலைக்கடியிலும் கூடு கட்டும். ஒரு முறை நாங்கள் சரியாகப் பார்க்காமல் பாயை விரித்துவிட்டோம். ஒரு பையனுக்கு மூன்று கொட்டு. தவறு எங்களுடையது. அதற்குப் பிறகு பிள்ளைகள் வருவதற்கு அரை மணி முன்பே இரண்டு பெரியவர்கள் போய் இடுப்பு உயரம் வரை ஒவ்வொரு புதரையும் பார்க்கிறோம். கூடு தெரிந்தால் அந்தப் பக்கம் சிவப்புத் துணி கட்டுகிறோம். குளவிக் கடிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் சேரும்போதே எங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அடுத்து பூரான். கடித்தால் பெரியவர்களே அழுவார்கள். கல்லையோ மரக்கட்டையோ புரட்டும்போது தன் பக்கமாக இழுத்துத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அப்போது கீழே இருப்பது எதிர்ப்பக்கம் ஓடும், நடுவே அந்தக் கட்டையே தடுப்பாக நிற்கும். பார்த்த பிறகு கட்டையை இருந்தபடியே மெதுவாக வைத்துவிட வேண்டும். அது அந்தப் பூச்சிகளின் வீட்டுக் கூரை.

கூர்பாவைக் கையால் தொடக்கூடாது. இந்தப் பெரிய நத்தையில் எலிகளிடமிருந்து வந்த புழு இருக்கலாம், அது மனித உடலுக்குள் போனால் மூளை வரை பாதிக்கும். பார்க்கலாம், குச்சியால் கோடு போட்டு அது எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கலாம். எலிக்காய்ச்சலையும் நினைவில் வையுங்கள்: காலில் ஆறாத புண் இருந்தால் கட்டுப்போட்டு மூடிய ஷூ, தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

குரங்குகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, பையைத் திறந்தும் வைக்கக் கூடாது.

விஷக் காய்கள்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிற விஷயம். குன்றிமணி, ஆமணக்கு விதை, ஊமத்தை, அரளி, உண்ணிச்செடியின் பச்சைக் காய். இந்த ஐந்தையும் முதல் மாதமே காட்டிக்கொடுத்துவிடுகிறோம். குன்றிமணி அழகாகச் சிவப்பும் கறுப்புமாக இருப்பதால் பிள்ளைகள் மணி கோக்க ஆசைப்படுவார்கள். கூடவே கூடாது, உடைந்த விதை ஒன்றே ஆபத்து. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை இருக்கிறது.

எது நடந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 114ஐ அழைக்க எல்லாப் பெரியவர்களுக்கும் தெரியும். தொலைபேசி எடுக்காத இடத்துக்கு நாங்கள் போவதில்லை.

கொசு?

2005, 2006இல் சிக்குன்குனியா வந்தபோது மூட்டுவலியோடு மாதக்கணக்கில் கிடந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். முழுக்கை, முழுக்கால், வெளிர் நிற உடை, புறப்படும் முன் வீட்டிலேயே கொசு மருந்து. இடத்தில் கிடக்கிற போத்தல் மூடி, உடைந்த டப்பா, பழைய டயர் என்று தண்ணீர் தேங்குகிற எல்லாவற்றையும் பிள்ளைகளைக் கொண்டே தேடிக் கவிழ்க்கிறோம். புழு நெளிவதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பூந்தொட்டித் தட்டையும் கவிழ்த்துவிடும்.

மழை பெய்தால்?

தூறலுக்கு வருவோம். மழைக்கோட்டும் மாற்றுடையும் போதும். மேட்டுநிலத்தில் தூறலுக்குப் பயந்தால் வருடத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்க வேண்டும். தூறலில்தான் நத்தை வெளியே வரும், மண் வாசனை எழும், இலையின் எந்தப் பக்கம் நனைகிறது என்று தெரியும்.

பலத்த மழைக்கு வரமாட்டோம். புயல் எச்சரிக்கை கிளாஸ் 1 என்றாலே வகுப்பு இல்லை. நான்கு கிளாஸ் எச்சரிக்கையில் அது மிகக் குறைந்தது என்று வாதாட வேண்டாம். புயல் போன பிறகும் முறிந்து தொங்கும் கிளைகளைப் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் வரை இரண்டு வாரம் நிறுத்துவோம். ஓடை, பள்ளம் எதிலும் விளையாட விடுவதில்லை. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் கொஞ்ச நேரத்தில் எழுந்த வெள்ளம் 11 உயிரைக் கொண்டுபோனது. மலையில் பெய்தது கீழே எவ்வளவு வேகமாக வரும் என்று நமக்குத் தெரியும்.

சரி, மூன்று மணி நேரம் என்னதான் செய்வார்கள்?

முதல் பதினைந்து நிமிடம் வட்டமாக நின்று எல்லையைச் சுற்றி நடப்போம். எல்லை மரங்களில் மஞ்சள் நாடா கட்டியிருக்கும். நான் "எங்கே?" என்று கூவினால் எல்லாரும் "இங்கே!" என்று கூவ வேண்டும், எங்கிருந்தாலும். கால்மணிக்கு ஒரு முறை கூவி எண்ணிக்கொள்வோம். பிறகு அவர்கள் நேரம்.

குச்சி, கல், இலை, கயிறு, பழைய சேலை இரண்டு, ஒரு வாளி. நாங்கள் கொண்டுபோவது இவ்வளவுதான். கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமானுக்கு ஒரே உபயோகம் இருக்கும். மயிற்கொன்றை நெற்றை எடுத்தால் அது ஒரு நேரம் வாள், ஒரு நேரம் கிலுகிலுப்பை, ஒரு நேரம் படகு. ஃப்ளம்போயான் மரத்தடியில் காய்ந்து கிடக்கிற அந்த நீள நெற்றுக்காக எங்கள் குழுவில் நடந்த சண்டை வேறெதற்கும் நடந்ததில்லை.

சேலையை இரண்டு கிளைக்கு நடுவே கட்டினால் தூளி, தரையோடு கட்டினால் வீடு. கட்டையைச் சாய்த்துக் குடிசை, அதற்குக் கூரை போட ரவனாலா (விசிறி வாழை) மட்டை. ஆறு பேர் சேர்ந்து ஒரு மட்டையை இழுத்து வருவதைப் பார்த்தால் யார் தலைவர், யார் சமாதானம் செய்பவர், யார் ஓரமாக நின்று நல்ல யோசனை சொல்பவர் என்று தெரிந்துவிடும். மேசை நாற்காலி வகுப்பில் எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆகியிருக்கும்.

நம் விளையாட்டுகள் காட்டுக்காகவே செய்தவை போலப் பொருந்துகின்றன. உதிர்ந்த சவுக்கு இலையை நீளமாகக் குவித்து அதற்குள் குச்சியை ஒளித்துக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடலாம். தரையில் குழி தோண்டிப் பல்லாங்குழி. ஐந்து கல் பொறுக்கி அஞ்சாங்கல். கடலோரத்தில் பூவரசு இலையைச் சுருட்டி ஊதினால் பீப்பீ. முதல் ஊதலில் சத்தம் வராது, நாலாவது ஐந்தாவதில் வரும், அப்புறம் அன்று முழுக்க நம் காதுக்கு ஓய்வில்லை. இவற்றில் பலவற்றை எனக்கே மறந்துபோயிருந்தது. ஒரு பாட்டியைக் கூட்டிவந்து கேட்டோம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே பிள்ளைகள் விடவில்லை.

மண்சோறு ஆக்குவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் செப்புச் சாமானில் சோறும் குழம்பும் வைப்பார்கள். நம் பிள்ளைகள் வாழையிலை விரித்து ஏழு கறி பரிமாறுகிறார்கள்! கோவில் விருந்தில் பார்த்த வரிசை அப்படியே வருகிறது. ஈர மண் சோறு, நறுக்கிய புல் பிரெட் (கீரை), சவுக்குக் காய் வடை. ஏழு கறிக்கும் ஏழு வேறு நிறம் வேண்டும் என்று ஒரு சிறுமி சட்டம் போட்டாள். அதற்காக அரை மணி நேரம் பழுப்பு இலையிலும் செம்மண்ணிலும் நிறம் தேடி அலைந்தார்கள்.

கடைசி இருபது நிமிடம் எல்லாரும் தங்கள் தங்கள் மரத்தடியில் பேசாமல் உட்கார வேண்டும். பெரியவர்களும்தான்.

கத்தி, தீ எல்லாம் உண்டா?

ஏழு வயதுக்குக் கீழே இல்லை. அதற்கு மேல் ஒரு பெரியவர் ஒரு பிள்ளை என்று உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சீவுகிற கருவியால் குச்சி சீவக் கற்றுக்கொடுக்கிறோம். தீ கிடையாது. வறண்ட மாதங்களில் புல் எப்படிப் பற்றும் என்று பார்த்திருக்கிறோம், அனுமதியும் கிடைக்காது.

இதில் தமிழ் எங்கே வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் வாரத்தில் சில மணி நேரம், அதுவும் புத்தகத்தில். "இலை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு படம். அந்தச் சொல்லுக்குப் பிள்ளையின் வாழ்க்கையில் வேறு வேலையே இல்லை.

காட்டில் வேலை கிடைக்கிறது. நுனியில் சுருண்டிருப்பது கொழுந்து. விரிந்து இளஞ்சிவப்பாக மினுங்குவது தளிர். அப்புறம் இலை. மஞ்சளானால் பழுப்பு. காய்ந்து விழுந்தால் சருகு. ஒரே மா மரத்தடியில் இந்த ஐந்தும் கையில் கிடைக்கும். வரிசையாக அடுக்கச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை அடுக்கிவிடும், சொல்லும் கூடவே ஒட்டிக்கொள்ளும். தென்னைக்கு இலை என்று சொல்லக் கூடாது, ஓலை. கரும்புக்குத் தோகை. தாழைக்கு மடல். கரும்பு சூழ்ந்த தீவில் வாழ்கிற பிள்ளைக்குத் தோகை என்ற சொல் தெரியாமல் இருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. இன்னொன்று: வாக்வா என்ற ஊர்ப்பெயரே தாழை மரத்தின் பெயர்தான். அதைச் சொன்ன அன்று "அப்போ நான் தாழையூர்க்காரன்" என்றான் ஒருவன்.

பிஞ்சுகளுக்கும் அப்படித்தான். மாவடு, வாழைக்கச்சல், தென்னங்குரும்பை, பலாமூசு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பெயர் வைக்கிற மாதிரி நம் மொழி ஒவ்வொரு பிஞ்சுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

பேசாமல் உட்காரும் இருபது நிமிடத்தில் ஒலி சேகரிப்போம். சருகு மிதித்தால் சரசர. ஓடை சலசல. சிறகு படபட. மூங்கில் என்ன சொல்கிறது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள், ஒரு கட்சி கிரீச் என்றது, மற்றது மொறமொற என்றது. இரண்டையும் எழுதிவைத்தோம்.

பிள்ளை கிரியோலில் பேசினால் திருத்துவதில்லை. காரிபூலே என்றால் "ஆமாம், கறிவேப்பிலை" என்று பதில் சொல்வோம். பிரெட் முரூம் என்றால் முருங்கைக் கீரை. இந்த இரண்டு கிரியோல் சொல்லுக்குள்ளும் நம் தாத்தா பாட்டி கொண்டுவந்த சொல் உட்கார்ந்திருப்பதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காட்டிலிருந்து எதையாவது பறித்து வரலாமா?

உயிரோடு இருக்கும் இலை, பூ, கிளை எதையும் பறிப்பதில்லை. கீழே விழுந்ததில் ஆளுக்கு ஒன்று, சட்டைப்பைக்குள் அடங்குவது மட்டும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு கோயாவ் த சின், அந்தச் சின்னச் சிவப்புக் கொய்யா. அதை வயிறு முட்டச் சாப்பிடலாம், பையிலும் நிரப்பலாம். பிளேன் ஷாம்பாய்ன் பக்கம் வாளியோடு போகாத குடும்பம் உண்டா? ஆனால் அதே செடிதான் நம் காட்டின் பெரிய எதிரிகளில் ஒன்று. பிரேசிலிலிருந்து வந்து, அடர்ந்து படர்ந்து, கீழே வேறு நாற்று எழ விடாமல் செய்துவிட்டது. இந்தத் தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நிலப்பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. நமக்குப் பிடித்த பழம் நம் காட்டுக்குக் கெடுதி செய்வதை எட்டு வயதுப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் அதைப் பெரியவர்களைவிட நன்றாக யோசிக்கிறார்கள். "அப்போ விதையைக் காட்டில் துப்பக் கூடாது" என்ற விதியைப் போட்டது அவர்கள்தான்.

வௌவால் விஷயமும் இப்படித்தான். லிச்சிப் பழத்தைத் தின்கிற திருடன் என்றே வீட்டில் கேட்டிருப்பார்கள். 2015 முதல் அரசே பல முறை ஆயிரக்கணக்கில் கொல்லச் செய்தது. இந்தத் தீவுக்கு மனிதர் வருவதற்கு முன்பு இங்கிருந்த பாலூட்டி நிலத்தில் வௌவால் மட்டும்தான். பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவதும் அதுதான். பழத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் எங்கள் குழுவில் இருக்கிறது, அந்த நஷ்டமும் உண்மை. இரண்டு பக்கத்தையும் கேட்கிறோம்.

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். மொரிஷியஸ் வல்லூறு 1974இல் தெரிந்தவரை காட்டில் நான்கே நான்குதான் இருந்தது. இன்று நூற்றுக்கணக்கில் பறக்கிறது. பொறுமையாகப் பல வருடம் முட்டை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சு வளர்த்து விட்டவர்களால் நடந்தது அது.

என் பிள்ளைக்கு அழுக்கு பிடிக்காது, பயப்படுவாள். சேர்க்கலாமா?

சேருங்கள். ஒரு சிறுமி முதல் மூன்று வாரம் பாயை விட்டு இறங்கவே இல்லை. யாரும் வற்புறுத்தவில்லை. பாயிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவந்த இலைகளை அளவு வாரியாக அடுக்கினாள். நான்காவது வாரம் ஒரு பச்சைப் பல்லி பாயின் ஓரத்தில் ஓடியது. நம் ஊர்ப் பகல் பல்லி, உடம்பெல்லாம் பச்சை, முதுகில் சிவப்புப் புள்ளி. அதைப் பார்க்க அவள் எழுந்து மரம் வரை போனாள். பிறகு நாங்கள் எதுவும் செய்யத் தேவைப்படவில்லை.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்குக் கோவில் தோட்டமே சரி, தரை சமமாக இருக்கிறது. ஒரே இடத்தில் நிதானமாக நடக்கும் வகுப்பு என்பதால், சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகள் இங்கே வகுப்பறையைவிட நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். வரும் முன் எங்களோடு ஒரு முறை பேசிவிடுங்கள்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்?

ஐந்து ஆறு வயதில் நான்கு பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஒருவர். முதலுதவி கற்றவர் இருவர் கட்டாயம். ஆள் குறைந்தால் அன்று வகுப்பு கிடையாது, காலையில் செய்தி அனுப்புவோம்.

பெற்றோர் கூட வரலாமா?

வரலாம், வேண்டும். ஆனால் இரண்டு கோரிக்கை. போன் பையிலேயே இருக்கட்டும். "விழுந்துடுவே, விழுந்துடுவே" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பிள்ளை கிளையைப் பார்ப்பதை விட்டு உங்களைப் பார்க்கும், அப்போதுதான் விழும். "கால் எங்கே வைக்கப் போறே?" என்று கேளுங்கள். தன் தோள் உயரத்துக்கு மேல் யாரும் ஏறுவதில்லை, கீழே எப்போதும் ஒருவர் நிற்கிறோம்.

என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்?

மூடிய ஷூ, தொப்பி, தண்ணீர், மாற்றுடை, சிறு துண்டு. சாப்பாடு கையால் பிடித்துத் தின்கிற மாதிரி: ரொட்டி, இட்லி, வாழைப்பழம். இனிப்புப் பானம் வேண்டாம், குளவி வரும். புது உடை போட்டு அனுப்பாதீர்கள். புது உடையில் வந்த பிள்ளை உட்காரவே யோசிக்கும்.

நாங்களே எங்கள் ஊரில் தொடங்க விரும்புகிறோம். முதல் நாள் என்ன செய்வது?

திட்டம் அதிகம் வேண்டாம். ஆறு பிள்ளை, இரண்டு பெரியவர், ஒரு மணி நேரம். முதல் நாளுக்கு முன்பே தனியாகப் போய் அதே நேரத்தில் அங்கே உட்கார்ந்து பாருங்கள்: நிழல் எங்கே விழுகிறது, குளவி எங்கே, நாய் வருகிறதா, குடித்துவிட்டு உடைத்த போத்தல் கிடக்கிறதா. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதமும் ஒவ்வாமை விவரமும் வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகள் வந்ததும் எல்லையைச் சுற்றி நடங்கள். கூவிக் கூப்பிட்டுப் பழகுங்கள். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு அதன் பட்டையைத் தடவட்டும், கட்டிப்பிடித்து எத்தனை கை என்று அளக்கட்டும், அதற்கு ஒரு பெயர் வைக்கட்டும். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் சரி. எங்கள் தோட்டத்து அரச மரத்தின் பெயர் இன்றும் "டாட்டா". வைத்தவனுக்கு இப்போது பதினோரு வயது, தம்பியை விடுவதற்கு வரும்போதெல்லாம் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறான்.

அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்புங்கள். அதே இடம்தான்.